சுருட்டும் மேட்டா, நிலையான தரையா? டேபிள் டென்னிஸ் கூடத்துக்கு எது சரி?

டேபிள் டென்னிஸ் கூடம் அமைப்பவர்கள் மேசைக்கும் விளக்குக்கும் மெனக்கெடுவார்கள். தரையைக் கடைசியில்தான் யோசிப்பார்கள். அதுவும் "ஒரு சிவப்பு மேட் போட்டுவிட்டால் போதும்" என்ற அளவில். ஆனால் தரையிடம் நமக்கு இரண்டு வேலை இருக்கிறது. கால் வழுக்கக் கூடாது, முழங்காலுக்குப் போகும் அடியும் குறைய வேண்டும். மேட் முதல் வேலையை அருமையாகச் செய்யும். இரண்டாவதைப் பெரும்பாலும் செய்யாது.

பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன, சுருட்டி வைக்கும் ரோல் மேட்டின் தடிமன் வழக்கமாக 4.5 முதல் 7 மில்லிமீட்டர். கான்கிரீட் மேல் அதை விரித்தால் ஷூ நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஆடும் கைப்பக்கத்து அடியான ஃபோர்ஹேண்டுக்காக ஓரமாகத் தாவி இறங்கும்போது, அடியில் இருப்பது கான்கிரீட்தான் என்பது காலுக்குத் தெரிந்துவிடும். உலகப் போட்டிகளுக்கான விதிகளும் செங்கல், செராமிக், கான்கிரீட், கல் தரைகளை ஏற்பதில்லை. மரத்தரை, இல்லையென்றால் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் அங்கீகரித்த சுருட்டக்கூடிய செயற்கை விரிப்பு, இவைதான் கணக்கு.

மரத்தரை என்றால் சிமென்ட் மேல் பலகை ஒட்டுவது இல்லை. ரப்பர் திண்டுகள், அதன் மேல் சட்டங்கள், அதற்கு மேல் பலகை. கால் ஊன்றும்போது மொத்த அடுக்கும் லேசாக அமிழ்ந்து எழும். உள்ளரங்க விளையாட்டுத் தரைக்கான ஐரோப்பியத் தரவிதி இஎன் 14904, கால் மோதும் விசையில் குறைந்தது 25 சதவீதத்தைத் தரை உள்வாங்க வேண்டும் என்கிறது. தினமும் இரண்டு மூன்று மணி நேரம் ஃபுட்வொர்க் பயிற்சி செய்பவருக்கு இந்த அமிழ்வின் அருமை தெரியும். பிரச்சினையும் உண்டு. ஈரப்பதம் ஏறினால் மரம் உப்பும், அதனால் சுவர் ஓரம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். தூசி படிந்தால் வழுக்கும். பளபளக்கும் வெளிர் பாலிஷ் என்றால் வெள்ளைப் பந்து கண்ணுக்குப் பிடிபடாது.

அதனால்தான் பெரிய போட்டிகளில் மரத்தரை மேலேயே மேட்டை விரிப்பது வழக்கம். அமிழ்வு மரத்திடமிருந்து, பிடிப்பும் அடர் நிறமும் மேட்டிடமிருந்து. என் கணக்கில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

சரி, மேட் மட்டும்தான் கட்டுப்படியாகும் என்றால்? "தூக்கிப் போகலாம்" என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். 14 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலமுள்ள ஆடுகளத்துக்கு 98 சதுர மீட்டர் வேண்டும். சதுர மீட்டருக்கு 3 கிலோ என்று வைத்தாலும் ஏறக்குறைய 300 கிலோ. விரித்தவுடன் ஓரங்கள் சுருண்டு நிற்கும், படிய நேரம் கொடுக்க வேண்டும். இணைப்பில் டேப் தூக்கினால் அதிலேயே கால் தட்டும். ஒருமுறை ஈரத் துணியால் துடைத்த கையோடு சுருட்டி வைத்தேன். அடுத்த வாரம் பிரித்தால் உள்ளே கருப்பாகப் பூசணம்! காயவிட்டுத்தான் சுருட்ட வேண்டும் என்பதை அன்று கற்றேன்.

இன்னொன்று, மேட் மேசைக்கு அடியிலும் போக வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க ஆடுபவர் நிற்கும் இடத்தில் மட்டும் விரித்தால், 76 சென்டிமீட்டர் மேசை உங்கள் காலிலிருந்து பார்க்கும்போது அரை சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும்.

கோத்து மாட்டும் ஃபோம் ஓடுகள் குழந்தைகள் விளையாடச் சரி. இதற்கு வேண்டாம். கால் புதையும், பக்கவாட்டில் உந்தினால் இணைப்பு விலகும், மேசைக் கால்கள் குழி போடும்.

ஆக, கூடம் வாடகையா, வேறு விளையாட்டுகளோடு பங்கா? ரோல் மேட்தான். சொந்தக் கூடம், தினசரிப் பயிற்சி என்றால் மரத்தரைக்குச் சேமியுங்கள். அவ்வளவு முடியாது என்றால் அடியில் ஃபோம் அடுக்கு உள்ள விளையாட்டு வினைல் (பிளாஸ்டிக் தரைவிரிப்பு), நிரந்தரமாக ஒட்டியது. ஆனால் ஒட்டும் முன் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கான்கிரீட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது உள்ளே நீர்த்துளி தெரிந்தால் அந்தத் தரையில் பசை நிற்காது. ஈரம் வரும் வழியை அடைக்கும் வரை எதையும் ஒட்டாதீர்கள், ரோல் மேட்டோடு ஆடுங்கள்.