குவாய் நதிப் பாலம், 4கே இறுவட்டு: அலெக் கின்னஸை முழு அகலத்தில் பார்க்க

1957இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்கு 60 வயதானபோது, 2017இல், சோனி நிறுவனம் அதன் 4கே இறுவட்டை வெளியிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதான பிரித்தானியப் படையினர் அவர்களுக்காகவே ரயில் பாலம் கட்டும் கதை அது. பெட்டிக்குள் ஒரு 4கே தட்டும் ஒரு சாதாரண புளூ-ரே தட்டும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் இது பெரும்பாலும் லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரரின் பெட்டியில்தான் வந்து சேரும். கொண்டுவரச் சொல்லலாமா என்று கேட்டால், தாராளமாகச் சொல்லலாம். ஆனால் தட்டைப் போட்டுவிட்டு ரீவி காட்டுகிறபடி பார்த்தால் காசு வீண். இந்தப் படத்தில் பிரித்தானிய நடிகர் அலெக் கின்னஸ் செய்திருக்கிற வேலை அவ்வளவு சின்னச் சின்ன அசைவுகளில் இருக்கிறது. ரீவியின் தவறான ஒரு செற்றிங் அதில் பாதியை விழுங்கிவிடும்.

முதலில் சட்டகத்தின் அளவு. படம் 2.55க்கு 1 என்ற அகலத்தில் எடுக்கப்பட்டது. இன்றைய ரீவிகள் 1.78க்கு 1. ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தே தீரும். 43 அங்குல ரீவியில் படம் ஏறத்தாழ 37 சென்ரிமீற்றர் உயரம்தான் இருக்கும், பட்டைகள் ஒவ்வொன்றும் 8 சென்ரிமீற்றர். 55 அங்குலத்தில் படம் 48, பட்டைகள் பத்துச் சொச்சம். ‘பட்டை வருகுது’ என்று றிமோட்டை எடுத்து ஸூம் போடுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. இந்தப் படத்துக்கு ஸூம் போட்டால் இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து வீதம், மொத்தம் 30 வீதம் வெட்டுப்படும். டேவிட் லீன் ஆட்களைச் சட்டகத்தின் ஓரங்களில் நிறுத்துகிற இயக்குநர். ஒரு ஓரத்தில் கின்னஸ் நடிக்கும் பிரித்தானியக் கைதிகளின் தலைவர் கேணல் நிக்கல்சனும் மறு ஓரத்தில் ஜப்பானிய முகாம் தளபதி சைற்றோவும் நிற்கும்போது நடுவில் கிடக்கும் வெறும் நிலம்தான் அந்தக் காட்சியின் சண்டை. ஸூமில் இரண்டு பேருக்கும் தோள் பறிபோகும். பட்டை இருக்கட்டும், கதிரையை முன்னுக்கு இழுங்கள். 43 அங்குலத்துக்கு ஒன்றரை மீற்றர், 55க்கு 1.8 மீற்றர் போதும்.

அடுத்தது அசைவு. சாம்சுங்கில் ‘ஓட்டோ மோஷன் பிளஸ்’ அல்லது ‘பிக்சர் கிளாரிற்றி’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃபுளோ’ என்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். படத்தில் விநாடிக்கு 24 சட்டகங்கள்தான். இந்த வசதி அவற்றுக்கிடையில் இல்லாத சட்டகங்களைத் தானே உருவாக்கிச் செருகி, படத்தை மெகா தொடர்போல வழுவழுப்பாக்கிவிடும். முற்றாக நிறுத்துங்கள். பிக்சர் மோட்டை ‘சினிமா’, ‘மூவி’ அல்லது ‘ஃபில்ம்மேக்கர்’ என்று வையுங்கள். பிளேயரின் மெனுவில் 24பி வெளியீட்டை (விநாடிக்கு 24 சட்டகத்தை அப்படியே அனுப்புவது) ‘ஓன்’ அல்லது ‘ஓட்டோ’ செய்யுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்றால், இந்தப் படத்தின் மிக முக்கியமான நடிப்பு ஒரு நடை. ஜெனீவா உடன்படிக்கையின் 27ஆம் பிரிவைக் காட்டி, அதிகாரிகள் உடலுழைப்பு வேலை செய்யமாட்டார்கள் என்று நிக்கல்சன் மறுக்கிறார். அவரைத் தகரக் கூண்டுக்குள் வெயிலில் அடைக்கிறார்கள். பிறகு திறந்துவிட, சைற்றோவின் குடிசை வரை அவர் நடந்து போகிறார். முழங்கால் சொல்லுக் கேட்கவில்லை, முதுகு மட்டும் அணிவகுப்பில் நிற்கிறது. தன் மகன் மத்தேயு சிறுவயதில் இளம்பிள்ளைவாதத்திலிருந்து தேறிவந்த காலத்தில் நடந்த நடையைப் பார்த்தே கின்னஸ் இதை அமைத்துக்கொண்டார். ஒவ்வொரு அடியிலும் ஒரு சிறு தடக்கு உண்டு. மேலே சொன்ன வழுவழுப்பு வசதி அந்தத் தடக்கைத்தான் முதலில் அழித்துவிடும்.

இனி எச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட வீச்சைக் கூட்டிக் காட்டும் வசதி. விலை குறைந்த 4கே ரீவிகளின் பெட்டியில் எச்டிஆர் என்று அச்சடித்திருந்தாலும் அதற்கு வேண்டிய வெளிச்சம் பலவற்றில் இல்லை. இரவுக் காட்டுக் காட்சிகள் கரிபோல இருண்டால் தட்டைக் குறை சொல்லவேண்டாம். பிளேயரில் எச்டிஆரை நிறுத்திப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கூடவே வரும் புளூ-ரே தட்டைப் போடுங்கள். 2010இல் மூல நெகற்றிவைப் புதுப்பித்த வேலையிலிருந்து வந்த படம் அதுவும். சின்னத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஒரு காட்சி கரைந்து மறு காட்சியாக மாறும் இடங்களில் படம் திடீரென மங்கி, பொட்டுப்பொட்டாகத் தெரியும். அந்தக் காலத்தில் அப்படியான மாற்றங்களைப் பிரதிச் சுருளில்தான் செய்தார்கள். அது தட்டின் பழுதல்ல.

4கே தட்டுச் சாதாரண புளூ-ரே பிளேயரில் ஓடாது. பிளேஸ்ரேஷன் 4லும், அதன் ‘புரோ’விலும்கூட ஓடாது, தட்டுச் செருகும் வகை பிளேஸ்ரேஷன் 5இல் ஓடும். ரீவியில் எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு முறை உள்ள எச்டிஎம்ஐ துளையில்தான் வயரைச் செருகவேண்டும். வேறு துளையில் போட்டால் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது படம் சாதாரண புளூ-ரேயின் 1080 தரத்துக்கு இறங்கிவிடும். சில ரீவிகளில் அந்தத் துளைக்கென்று ‘டீப் கலர்’ அல்லது ‘என்ஹான்ஸ்ட்’ என்ற ஒன்றைத் தனியாக இயக்கவும் வேண்டும். எந்தப் பிரதேசத்துப் பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் பிரதேசக் குறியீடு 4கே தட்டுக்கு இல்லை. சாதாரண புளூ-ரேக்களுக்கு இருக்கலாம். இலங்கை ‘சி’ பிரதேசம், பிரித்தானியா ‘பி’, கனடா ‘ஏ’. வாங்கச் சொல்லும்போதே பெட்டியின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஒலியில் எங்கள் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. சீமெந்துச் சுவர், ஓடு பதித்த தரை, மேலே சுற்றும் காற்றாடி. கின்னஸ் குரலை உயர்த்தாமல் பேசுபவர். வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவதுபோல விடுவார். ரீவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பதென்றால் பிளேயரின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் ஸ்ரீரியோ (இரண்டு பக்க ஒலி) என்று மாற்றுங்கள், தரையில் இரண்டு பாயை விரியுங்கள். எதிரொலி கொஞ்சம் குறையும். தமிழ் உபதலைப்பு இல்லை. முதல் தடவை ஆங்கில உபதலைப்போடு பாருங்கள், இரண்டாம் தடவை அதை நிறுத்திவிட்டு முகத்தைப் பாருங்கள்.

அந்த முகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். 1914 ஏப்ரல் 2இல் லண்டனில் பிறந்தவர். தந்தை யார் என்று உறுதியாகத் தெரியாமலே வளர்ந்தார், விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதிப் பிழைத்தார், புகழ்பெற்ற மேடை நடிகர் ஜோன் கில்கூட்டின் ஆதரவில் மேடைக்கு வந்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலித் தரையிறக்கத்தில் தரையிறங்கு கலமொன்றுக்குத் தலைமை தாங்கினார். நிக்கல்சனின் கட்டளைக் குரல் வெறும் பாவனைபோல ஒலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கவேண்டும். டிக்கன்ஸின் நாவலொன்றை 1939இல் அவர் மேடைக்கு எழுதி நடித்ததைப் பார்த்த லீன், போருக்குப் பிறகு அதே கதையைப் படமாக்கியபோது அவரை அழைத்தார். அங்கே தொடங்கி 1984 வரை இருவரும் ஆறு படங்கள் செய்தார்கள்.

ஒத்துப்போய்ச் செய்தார்கள் என்று எண்ணவேண்டாம். நிக்கல்சன் வேடத்தைக் கின்னஸ் முதலில் மறுத்தார். ஏற்ற பிறகும், அந்த மனிதனில் கொஞ்சம் நகைச்சுவையும் இரக்கத்துக்குரிய தன்மையும் வேண்டும் என்று அவரும், வேண்டாம் என்று லீனும் மல்லுக்கட்டினார்கள். பாலம் முடிந்த மாலையில் கைப்பிடியில் சாய்ந்து, 28 வருடச் சேவையைப் பற்றி நிக்கல்சன் பேசும் காட்சியில் அந்த இழுபறியின் பலன் தெரியும். கமரா அவருடைய முதுகுப் பக்கம் நிற்கிறது, முகம் கிடைப்பது அரிது. குரலும் தோளும் மட்டும். பேச்சின் நடுவே கையிலுள்ள பிரம்பு நழுவி ஆற்றில் விழ, ஒரு கணம் அவர் வெறும் ஆளாகிவிடுகிறார். வாழ்க்கையில் கூடுதலாக எதைச் சாதித்தோம் என்று கேட்கிற ஒருவன், எதிரிக்காகக் கட்டிய பாலத்தில் பதிலைக் கண்டுபிடிக்கிறான். 4கே தட்டை வாங்க ஒரேயொரு காரணம் கேட்டால் இந்த அந்திவானத்தைத்தான் காட்டவேண்டும். நல்ல ரீவியில் செம்மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் இடைப்பட்ட நிறங்கள் பட்டை பட்டையாகப் பிரியாமல் இறங்கும்.

அந்த வானம் எங்கள் நாட்டு வானம். அவிசாவளை–ஹற்றன் வீதியில், கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலத்தைக் கட்டி 1957 மார்ச்சில் உண்மையான ரயிலோடு வெடிவைத்துத் தகர்த்தார்கள். கொங்கிறீற் அத்திவாரம் இன்னும் ஆற்றோரத்தில் கிடக்கிறது. மருத்துவமனைக் காட்சிகள் கல்கிசை ஹோட்டலில் எடுக்கப்பட்டவை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடமுடியாது. 415 கிலோமீற்றர் நீளமான உண்மையான சயாம்–பர்மா ரயில்பாதையில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைப்போலப் பல மடங்கு இறந்தார்கள், அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் ஏராளம். மலாயாப் பென்சன்காரர் வாழ்ந்த ஊர்களில் இந்தக் கதை தெரியாத தலைமுறை இருந்ததில்லை. படத்தில் அவர்கள் இல்லை. கின்னஸின் நடிப்பு எவ்வளவு நுட்பமானாலும் இந்தப் படத்தை அந்த ரயில்பாதையின் வரலாறாக எடுக்கக்கூடாது.

படம் ஏழு ஒஸ்கார்களைப் பெற்றது, சிறந்த நடிகர் விருது கின்னஸுக்கு. 1959இல் ‘சேர்’ பட்டம். 1977இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ அவருக்குப் பணத்தையும் புதிய தலைமுறையையும் கொடுத்தது. 2000 ஓகஸ்டில் காலமானார்.

பழைய டிவிடி கையில் இருந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பிரித்தானிய டிவிடி ‘பால்’ (PAL) என்ற ரீவி முறையில் வரும். 24 சட்டகங்களை 25 ஆக ஓட்டுவதால் 161 நிமிடப் படம் 155 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சுருதியைத் திருத்தாத தட்டில் குரலும் 4 வீதம் ஏறும். சங்கீதக் கணக்கில் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவு. வில்லுப்பாட்டோ நாதஸ்வரமோ கேட்டுப் பழகிய காதுக்கு, கின்னஸின் அடித்தொண்டைக் குரல் மெலிந்திருப்பது உடனே பிடிபடும். படையினர் சீட்டியடிக்கும் ‘கேணல் போகி’ மெட்டும் அவசரப்படும்.

தட்டை வைத்திருக்கிற விதமும் முக்கியம். உப்புக்காற்றிலும் மாரிகால ஈரத்திலும் பூஞ்சணம் பிடிக்கும். பெட்டியை நிமிர்த்தி, ஈரமுறிஞ்சிப் பொதி ஒன்றோடு மூடிய அலுமாரிக்குள் வையுங்கள். துடைப்பதென்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவு ஓடும் திசையிலேயே விழும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது. மின்சாரம் அடிக்கடி ஏறி இறங்கும் இடமென்றால் பிளேயரை யுபிஎஸ்ஸில் கொடுங்கள்.

மேலதிகப் பகுதிகளில் தயாரிப்பு பற்றிய ஆவணப்படம் பார்க்கத் தக்கது, மற்றவை சுமார்.

இதைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்துத் தேடவேண்டியது 1949இன் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரொனெற்ஸ்’. ஒரே குடும்பத்தில் எட்டுப் பேராகக் கின்னஸ் வருவார். அவர்களில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் இருக்கும் தேவாலயக் காட்சிக்காகக் கமராவை அசையாமல் பூட்டி, வில்லையின் ஒவ்வொரு பகுதியாக மறைத்து, அதே சுருளைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். இது 1.37க்கு 1 என்ற, சதுரத்துக்குக் கிட்டிய படம், கறுப்பு இரண்டு பக்கங்களிலும் வரும். இங்கே இழுத்து அகலமாக்குகிற மோட்டைத் தவிருங்கள், எட்டுப் பேரும் ஒரேமாதிரிக் கொழுத்துவிடுவார்கள். 1984இல் லீனின் ‘எ பசேஜ் ரு இந்தியா’வில் இந்தியப் பிராமணப் பேராசிரியராக முகப்பூச்சோடு வந்த வேடத்தைத் தாராளமாகத் தவிர்க்கலாம். எங்கள் ஆட்களுக்கு அது ஒட்டாது. அதற்குப் பதிலாக 1979இன் பிபிசி தொடர் ‘ரிங்கர் ரெயிலர் சோல்ஜர் ஸ்பை’. ஏழு பாகங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம். பெயர்கள் நிறைய, கதை முன்பின்னாக ஓடும். ஒரு இரவுக்கு ஒரு பாகம், ஆங்கில உபதலைப்போடு, காற்றாடியை ஒன்றில் வைத்துக்கொண்டு பாருங்கள்.