கோல்ஃப் நிபுணர்களின் கணிப்பு எவ்வளவு பலிக்கிறது? சில ஆண்டுகள் பின்தொடர்ந்த அனுபவம்

தொழில்முறை கோல்ஃப் போட்டிகளுக்கு முன்னால் நிபுணர்கள் வெளியிடும் கணிப்புகளைச் சில ஆண்டுகளாக விடாமல் படித்து வருகிறேன். படித்ததை ஒரு நோட்டில் குறித்து வைத்து, போட்டி முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். காசு வைப்பதில்லை, அந்தப் பேச்சே வேண்டாம். ஆட்டத்தைக் கூடுதலாக ரசிக்கவும், யார் பேச்சைக் கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளவும்தான் இது. சிங்கப்பூரில் கோல்ஃப் பார்க்கும் தமிழர்கள் கொஞ்சம் பேர்தான் என்றாலும், அவர்களுக்கு இது உதவும் என்று எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “இந்த வாரம் வெல்லப் போவது இவர்தான்” என்ற ஒற்றைப் பெயரை வைத்து ஒரு நிபுணரை எடைபோடாதீர்கள். அந்தப் பெயருக்குக் கீழே அவர் சொல்லும் காரணத்தையும், அதில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதையும் பாருங்கள்.

வேலையிடத்தில் மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், காற்பந்து ரசிகர். “ஏன் தம்பி, அந்த ஆள் சொன்னவர் ஜெயிக்கவே இல்லையே, அப்புறம் அவர் என்ன நிபுணர்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காற்பந்தில் இரண்டு அணிகள். அமெரிக்க ஓப்பனில் 156 பேர் ஆடுகிறார்கள். டைகர் உட்ஸ் பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரில் 82 முறை வென்றவர். அப்படிப்பட்டவரே ஆடிய போட்டிகளில் ஐந்தில் ஒன்றைவிடச் சற்று அதிகமாகத்தான் வென்றிருக்கிறார். அவர் ஆடிய ஒவ்வொரு வாரமும் அவர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தவர்கூட நான்கில் மூன்று வாரங்களுக்கு மேல் தவறாகவே சொல்லியிருப்பார். அதற்காக அந்தக் கணிப்பு முட்டாள்தனம் ஆகிவிடுமா?

நம் செந்தோசாவிலேயே இதைப் பார்த்திருக்கிறோம். 2008 சிங்கப்பூர் ஓப்பனில் ஜீவ் மில்கா சிங் வென்றார். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் அவருக்குப் பின்னால் நின்றவர்கள் பத்ரிக் ஹாரிங்டனும் எர்னி எல்ஸும். ஹாரிங்டன் அதே ஆண்டில் இரண்டு மேஜர் (ஆண்டின் நான்கு மிகப் பெரிய போட்டிகள்) பட்டங்களை வென்றுவிட்டு வந்தவர். 2016-இல் உலகின் முதல்நிலை வீரராக ஜோர்டான் ஸ்பீத் இங்கே வந்தபோதும் அதே கதை. மோசமான வானிலையால் ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போய், கடைசியில் தரவரிசையில் 200-க்கும் கீழே இருந்த தென்கொரியாவின் சோங் யங்-ஹான் ஓர் அடியில் முந்திவிட்டார். அந்த வாரம் ஸ்பீத் பெயரைச் சொன்னவர்கள் மோசமான நிபுணர்கள் இல்லை. இரண்டாவதாக முடித்தவரைத்தானே சொல்லியிருக்கிறார்கள்!

சரி, நான் பயன்படுத்திப் பார்த்தவற்றுக்கு வருகிறேன்.

ஐந்தாறு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பெயர் சொல்லும் குழுக் கணிப்புகள் படிக்கச் சுவையாக இருக்கும், பயன் குறைவு. பெரும்பாலும் தரவரிசையின் முதல் சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். வித்தியாசமான பெயர் வந்தால் காரணம் அநேகமாக “இந்த மைதானம் அவருக்கு ராசி” என்பதாக இருக்கும். இதற்கு ரோரி மெக்கில்ராயின் 2019 பிரிட்டிஷ் ஓப்பன் நல்ல பாடம். ராயல் போர்ட்ரஷ் அவர் வளர்ந்த வட அயர்லாந்து மண், 16 வயதில் அங்கே ஒரு சுற்றை வெறும் 61 அடியில் முடித்துச் சாதனை படைத்தவர். ஆனால் முதல் பந்தே எல்லைக்கு வெளியே போனது. நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு எட்டு அடி, அன்றைய மொத்தம் 79. மறுநாள் 65 என்று அபாரமாக ஆடியும் ஒரே அடியில் ‘கட்’டை, அதாவது இரண்டு சுற்று முடிந்ததும் பின்தங்கியவர்களை வெளியேற்றும் எல்லையை, தவறவிட்டார். 61 அடித்தது 2005-இல். பதினான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு சுற்றை வைத்து அந்த வாரத்தைக் கணிப்பது எவ்வளவு பலவீனம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக மைதான அனுபவமே பொய் என்றும் சொல்லமாட்டேன். அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் போட்டியில் முதல்முறை ஆடியவர் பட்டம் வென்றது கடைசியாக 1979-இல், ஃபஸி ஸோலர். ஒவ்வோர் ஆண்டும் அதே மைதானம், அதே சரிவான கிரீன்கள் (குழியைச் சுற்றியுள்ள மென்புல் பரப்பு). பந்தை எங்கே விழவிடக் கூடாது என்பது ஆடி ஆடித்தான் தெரியும். “ராசி” என்று மட்டும் சொல்பவரை நான் தாண்டிப் போய்விடுவேன். எந்தக் குழியில், எந்த வகை அடியில் அந்த அனுபவம் கைகொடுக்கும் என்று விளக்குபவரை உட்கார்ந்து படிப்பேன்.

எனக்கு அதிகம் பயன்பட்டவை புள்ளிவிவர மாதிரிகள் (கணக்குப் போட்டு வாய்ப்பைச் சொல்லும் முறைகள்), குறிப்பாக டேட்டா கோல்ஃப் இணையதளம். இவை ஒரு பெயரோடு நிற்பதில்லை. ஒவ்வொரு வீரருக்கும் வெல்லும் வாய்ப்பு, முதல் பத்து, முதல் இருபது, ‘கட்’டைத் தாண்டும் வாய்ப்பு எல்லாவற்றையும் விழுக்காட்டில் தருகின்றன. இதற்கெல்லாம் அடிப்படை கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி உருவாக்கிய ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்ற கணக்கு. சக வீரர்களோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் அடியிலும் எவ்வளவு லாபம், எவ்வளவு நஷ்டம் என்று அது அளக்கிறது. தலைசிறந்த வீரர்களின் மேலாதிக்கத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு கிரீனை நோக்கி அடிக்கும் அடிகளிலிருந்து வருகிறது, கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கின் பங்கு 15 விழுக்காடுதான் என்று அவர் கண்டார். பட்டிங் வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், கிரீனை நோக்கி அடிக்கும் இரும்புக் கோல் ஆட்டம் அவ்வளவு மாறாது. இது புரிந்தபின், “போன வாரம் பட்டிங்கில் பின்னிவிட்டார், அதனால் இந்த வாரமும்...” என்று தொடங்கும் கணிப்பைக் கண்டாலே எச்சரிக்கையாகிவிடுகிறேன்.

மாதிரிகளை எப்படிச் சோதிப்பது? பத்து விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லப்பட்ட எல்லாரையும் ஒரு பக்கம் எழுதி வைத்தேன். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வென்றால் மாதிரி நேர்மையாகப் பேசுகிறது என்று அர்த்தம். வானிலை ஆய்வாளர்கள் மழைக் கணிப்பைச் சரிபார்ப்பதும் இப்படித்தான். என் நோட்டில் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. குழுக் கணிப்பில் இந்தச் சோதனைக்கே வழியில்லை, அங்கே உறுதியின் அளவை யாரும் சொல்வதே இல்லை.

நோட்டிலிருந்து ஒரு வாரத்தைக் காட்டுகிறேன். 2025 அமெரிக்க ஓப்பன், ஓக்மாண்ட் மைதானம். எல்லாப் பட்டியலிலும் முதல் பெயர் ஸ்காட்டி ஷெஃப்லர். ஜே.ஜே. ஸ்பான் பெயர் வெகு கீழே. ஆனால் அதே ஆண்டு மார்ச்சில் பிளேயர்ஸ் போட்டியில் மெக்கில்ராயுடன் சமநிலையை முறிக்கும் பிளேஆஃப் வரை போனவர் ஸ்பான். இதை ஒரே ஒரு கட்டுரையாளர் குறிப்பிட்டு, “பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள்” என்று எழுதியிருந்தார். கடைசிச் சுற்றில் ஸ்பான் முதல் ஆறு குழிகளில் ஐந்தில் போகி (நிர்ணயித்ததைவிட ஓர் அடி கூடுதல்). மழைக்காக ஆட்டம் நின்று, திரும்ப வந்து மீண்டார். அங்கே ஞாயிறு இரவு, நமக்குத் திங்கள் காலை. வேலைக்குப் போகும் எம்ஆர்டியில் நின்றபடி கைப்பேசியில் அவருடைய 64 அடி தூர ‘பட்’டைப் பார்த்தேன். பந்து உருண்டு உருண்டு குழிக்குள் விழுந்தது. போட்டியில் பாருக்கு, அதாவது நிர்ணயித்த அடி எண்ணிக்கைக்கு, கீழே முடித்த ஒரே ஆள் அவர். ஷெஃப்லர் ஏழாவது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். “ஷெஃப்லர் வெல்வார்” என்றவர்கள் தோற்றார்கள், “முதல் பத்துக்குள் வர நல்ல வாய்ப்பு” என்று சொன்ன புள்ளிவிவர மாதிரி சரியாக நின்றது. அந்தக் கட்டுரையாளரை அன்றிலிருந்து தவறாமல் படிக்கிறேன். ஸ்பான் வெல்வார் என்று அவரும் சொல்லவில்லை. மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்திருந்தார், அது போதும்.

கட்டணச் சேவை ஒன்றிலும் சில மாதம் இருந்தேன், பெயர் வேண்டாம். வாரத்துக்குப் பத்துப் பெயருக்கு மேல் தருவார்கள். அதில் ஒருவர் வென்றுவிட்டால் முகப்பில் கொட்டை எழுத்தில் போடுவார்கள், தோற்ற பெயர்கள் அடுத்த வாரமே காணாமல் போய்விடும். பழைய கணிப்புகளை அப்படியே திறந்து வைக்காத எவருக்கும் பணம் கட்டாதீர்கள். இது எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம், ஏனென்றால் புதிதாகப் பார்க்க வரும் இளையர்கள்தான் இதில் அதிகம் சிக்குகிறார்கள்.

இன்னும் இரண்டு விஷயம். திங்கள், செவ்வாயில் வரும் கணிப்பைவிடப் புதன் இரவு பார்ப்பது நல்லது. அதற்குள் யார் காலையில், யார் பிற்பகலில் ஆடுகிறார் என்று தெரிந்துவிடும். காற்று வீசும் பிரிட்டிஷ் ஓப்பனில் நேரம் மாறினால் ஆட்டமே வேறு. அப்புறம், உலகத் தரவரிசையை மட்டும் நம்பிய பட்டியல்கள் 2022-இல் லிவ் கோல்ஃப் என்ற போட்டித் தொடர் வந்தபின் தடுமாறின. அங்கே ஆடியவர்களுக்குப் பல ஆண்டுகள் தரவரிசைப் புள்ளி கிடைக்கவில்லை. ஆனால் புரூக்ஸ் கெப்கா 2023 பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் பிரைசன் டிஷாம்போ 2024 அமெரிக்க ஓப்பனையும் வென்றார்கள்.

பெண்கள் ஆட்டத்துக்கு வந்தால் எனக்கு வருத்தம்தான். ஒவ்வோர் ஆண்டும் செந்தோசாவில் எச்எஸ்பிசி மகளிர் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கிறது. உலகின் தலைசிறந்த வீராங்கனைகள் நம் வாசலுக்கே வருகிறார்கள். ஆனால் அதற்கு வரும் கணிப்புகள் பெரும்பாலும் தரவரிசையை அப்படியே நகலெடுத்தவை. 2023-இல் மணிக்கட்டுக் காயத்திலிருந்து திரும்பிவந்த கோ ஜின்-யங் பட்டத்தைத் தக்கவைத்தார். 2024-இல் ஹன்னா கிரீன் கடைசி மூன்று குழிகளிலும் பேர்டி (நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவு) போட்டு ஓர் அடியில் வென்றார். ஆட்டக்காரர்கள் குறைவு, கட் கிடையாது, நான்கு நாளும் எல்லாரும் ஆடுகிறார்கள். உழைத்துக் கணித்தால் பலன் தரக்கூடிய போட்டி இது. வெயிலும் புழுக்கமும் யாரைக் களைப்பாக்குகிறது, இடி மின்னலுக்காக ஆட்டம் நின்று தொடங்கும்போது யார் நிதானம் இழப்பதில்லை என்றெல்லாம் எழுத இங்கே இருப்பவர்களால்தான் முடியும்.

அடுத்த முறை அந்தப் போட்டிக்கு என் நோட்டுக் கணக்கை முன்கூட்டியே பகிரப் போகிறேன், விழுக்காட்டோடு. செந்தோசாவுக்கு நேரில் போய்ப் பயிற்சி நாளைப் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், பார்த்ததை எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.