கல்யாண வீடியோவை எதில் எக்ஸ்போர்ட் செய்வது: ஹெச்.264 எதிர் ஹெச்.265

வேலூர், குடியாத்தம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களிடையே, முடித்த படத்தை எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறையில்) எக்ஸ்போர்ட் செய்வது, ஹெச்.264-இலா ஹெச்.265-இலா என்ற பேச்சு ஒவ்வொரு முகூர்த்த மாதமும் கிளம்புகிறது. வாடிக்கையாளர் கையில் கொடுக்கும் கோப்புக்கு நான் ஹெச்.264-ஐயே வைத்துக்கொண்டிருக்கிறேன், அதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி உண்மை என்று தெரிந்தேதான்.

2013-இல் வந்த ஹெச்.265, பத்தாண்டு மூத்த ஹெச்.264 தரும் தரத்தை ஏறத்தாழப் பாதி பிட்ரேட்டிலேயே (வினாடிக்குச் செலவாகும் தரவின் அளவிலேயே) தந்துவிடும். 8 பிட்டைவிட நுண்ணிய நிறப்படிகள் கொண்ட 10 பிட் வண்ணத்தில் எடுத்தால், வரவேற்பு மேடையின் நீல விளக்கொளி மெல்ல மங்கும் இடங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதும் குறையும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் நாம் கொடுக்கும் பென்டிரைவ் போய்ச் சேர்வது பெரும்பாலும் கூடத்து டிவியின் பின்புறத்தில்தான். ஹெச்.265 வழங்கிய வீடுகளில், சில ஆண்டு பழைய டிவி 'இந்தக் கோப்பை இயக்க முடியாது' என்று காட்டும், அல்லது நாதஸ்வரம் மட்டும் கேட்டுப் படம் கறுப்பாகவே நிற்கும். ஒரு டிவி என்றால் கூடச் சமாளிக்கலாம். பெண் வீடு ஆம்பூரில், மாப்பிள்ளை வீடு ஆரணியில், பெரியப்பா வீடு வேறெங்கோ என்று அதே கோப்பின் நகல்கள் போகின்றன, எங்கே ஓடவில்லை என்றாலும் தொலைபேசி நமக்குத்தான் வருகிறது. விண்டோஸ் கணினிகள் பலவற்றிலும் ஹெச்.265-க்கான நீட்டிப்பைத் தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும். விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரை நிறுவிக்கொள்ளுங்கள் என்று அறுபது வயதுப் பெரியவருக்குப் போனில் சொல்லிக்கொடுப்பது எடிட்டிங்கைவிடக் கடினமான வேலை. ஹெச்.264-இல், 8 பிட், எம்பி4, ஏஏசி ஒலி என்று கொடுத்தால் இந்தத் தொல்லை அநேகமாக எழுவதில்லை.

அளவையும் பார்க்க வேண்டும். பழைய டிவிகள் பல ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 1080பி, வினாடிக்கு 25 ஃபிரேம், சராசரி பிட்ரேட் 8 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 8 மெகாபிட்) என்றால், ஒலியையும் சேர்த்து ஒரு மணி நேரப் படம் சுமார் 3.7 ஜிபி ஆகும். ஆகவே முகூர்த்தம் ஒரு கோப்பு, வரவேற்பு ஒரு கோப்பு என்று, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும்படி பிரித்துவிடுகிறேன். ஓமப்புகையும், அட்சதை மழையும், பட்டுச் சேலையின் ஜரிகையும்தான் பிட்ரேட்டைத் தின்னும் காட்சிகள். அங்கே படம் கட்டம் கட்டமாக உடையாமலிருக்க, சராசரி 8, உச்சம் 16 என்று வைத்து இரண்டு பாஸில் (முதல் சுற்றில் படத்தை ஆராய்ந்து, இரண்டாம் சுற்றில் எழுதும்படி) எக்ஸ்போர்ட் செய்வது பலன் தருகிறது. பிட்ரேட்டுக்குப் பதிலாகத் தரத்துக்கு ஒரு எண்ணைக் கொடுக்கும் சிஆர்எஃப் முறையில் தரம் சீராக இருந்தாலும் கோப்பின் அளவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மேலும் ஹெச்.264-ஐ எழுதும் எக்ஸ்264 மென்பொருளின் இயல்பு எண் 23, ஹெச்.265-ஐ எழுதும் எக்ஸ்265-இன் இயல்பு எண் 28. ஒன்றில் பழகிய எண்ணை மற்றொன்றில் அப்படியே போடக் கூடாது.

கிராபிக்ஸ் கார்டு வழியாக எக்ஸ்போர்ட் செய்தால் வேகம். மென்பொருள் வழியில் (கணினியின் முதன்மைச் செயலியே வேலை செய்யும்போது), குறைந்த பிட்ரேட்டிலும் படம் சற்றுத் துல்லியம். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்போது, ஹெச்.265-இன் மென்பொருள் எக்ஸ்போர்ட் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

2018-இல் வெளியான இன்னொரு கோடெக்கான ஏவி1-ஐச் சோதித்துப் பார்த்ததோடு சரி, வாடிக்கையாளர் எவருக்கும் கொடுத்ததில்லை; எனவே அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நம் சேமிப்புக்கான பிரதி வேறு கணக்கு. எடிட்டிங்குக்கான உயர்தரக் கோடெக்கான புரோரெஸ் 422 ஹெச்க்யூ 1080பியில் மணிக்கு 80 ஜிபிக்கு மேல் விழுங்குவதால், அதை விட்டுவிட்டு 10 பிட் ஹெச்.265-இல் உயர்ந்த பிட்ரேட்டில் ஒன்றை எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைக்கிறேன். 4கே டிவி வாங்கிய வீட்டார் கேட்டால் அதிலிருந்தே தனிப் பென்டிரைவ் தரலாம். ஆனால் ஒரு நிமிடத் துண்டை முன்னதாக அனுப்பி, அவர்கள் டிவியில் ஓடுகிறதா என்று கேட்டறிந்த பிறகே முழுப் படத்தையும் ஏற்றுகிறேன்.