மண்ணெண்ணெய் மெசினா, சோலர் மோட்டரா: வலிகாமத்துத் தோட்டக் கிணற்றுக்கு எது?

யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்கிறவருக்கு இறைப்புக்கு இன்று மூன்று வழி உண்டு: மண்ணெண்ணெய் மெசின், மின்சார மோட்டர், சோலர். நான் மெசினை விட்டுச் சோலருக்கு மாறிவிட்டேன். அதனால் என்னிடம் நடுநிலைமையை எதிர்பார்க்க வேண்டாம்.

மெசினின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. விலை குறைவு, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போகலாம், எந்தச் சந்தியிலும் திருத்தலாம். சத்தமும் புகையும் அதோடு வருபவை. மின்சாரம் என்றால், கிணற்றடிக்குப் பக்கத்தில் கம்பம் இருந்தால் அதையே எடுங்கள், மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. வெங்காயமும் புகையிலையும் நடுகிற காணிகள் பல ஒழுங்கைக்குள்ளே தள்ளி இருப்பதுதான் சிக்கல். அங்கே லைன் இழுக்கிற செலவு நம் தலையில்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது எண்ணெயின் விலைகூட இல்லை, அது வந்து சேருமா என்பதுதான். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது எரிபொருளும் பட்டரியும் தடைப்பட்ட பொருட்கள். ஒரு சொட்டுப் பெட்ரோலைக் காட்டி மெசினை உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அந்த மண்ணெண்ணெய்க்கும் கையில் போத்தலோடு அலைய வேண்டும். சரி, அது யுத்தம் என்று விடுவோம். 2022இல் யுத்தம் இல்லை, டொலர்தான் இல்லை. ஆனாலும் அதே வரிசை, அதே கான். அந்த ஆவணியில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெயை ஒரே நாளில் 340 ஆக்கினார்கள். வெங்காயம் இதற்கெல்லாம் பொறுத்திருக்காது. முறை தவறினால் தாள் நுனி கருகும், பிறகு எவ்வளவு இறைத்தும் பயனில்லை. கப்பலில் வந்து, கொழும்பிலிருந்து லொறியில் ஏறி, கடைசியாகக் குடாநாட்டுக்கு வருகிற ஒரு பொருளை நம்பிப் பயிர் வைப்பதா என்பதுதான் என் கேள்வி. வெயில் எந்தச் சோதனைச் சாவடியிலும் நிற்பதில்லை.

சோலரின் குறையையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தண்ணீர் மாறிப் பழகியவர்களுக்கு முதலில் கை ஓடாது. ஒன்பது மணிக்குப் பிறகுதான் மோட்டருக்கு முழுவலு வரும், மூன்று மணிக்கு மேல் தளரும். தொட்டி ஒன்று கட்டிப் பகலில் நிரப்பிவிட்டால் விடியப்புறம் பாய்ச்சலாம். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். பனை நிழல் இன்னொரு தலையிடி. வரிசையாக இணைத்த பனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலே மொத்த வலுவும் இறங்கும். ஆனால் மப்பும் மழையுமாக இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு இறைப்பே தேவையில்லை. வெயில் கொளுத்துகிற சித்திரையிலிருந்து ஆவணிவரைதான் தண்ணீர் அதிகம் வேண்டும். இந்தப் பொருத்தம் வேறு எந்த இயந்திரத்துக்கும் இல்லை.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வீட்டுக் கூரையில் பூட்டி மின்சார சபைக்கு விற்கிற சோலர் வேறு, இது வேறு. லைனில் கரண்ட் நின்றால், பட்டரி இல்லாத கூரைச் சோலரும் நின்றுவிடும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் வெட்டியபோது பனல் பூட்டிய வீடுகளிலும் மின்விசிறி ஓடவில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்ததால், பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி சபையே கேட்டது. கிணற்றடிப் பனல் நேரே மோட்டருக்குப் போகிறது, இந்த இழுபறி அதற்கில்லை.

ஊரளவிலும் இதே கணக்குத்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் டீசல் ஜெனரேற்றரில்தான் மின்சாரம் ஓடியது, அந்த டீசலும் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. சூரியன், காற்று, பட்டரி மூன்றும் சேர்ந்த திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அதிலும் அவசரத்துக்கு டீசலை வைத்துத்தான் திட்டமிட்டிருக்கிறார்கள், அது நியாயம்தான். எண்ணெயின் இன்னொரு விலையைச் சுன்னாகம் கொடுத்தது. அனல்மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019இல் உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்தது.

பராமரிப்பில் காகத்தின் எச்சத்தையும் செம்மண் தூசியையும் கழுவுவதோடு என் வேலை முடிகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு நான் சாட்சி இல்லை, என்னுடையது இன்னும் உத்தரவாதக் காலத்திலேயே இருக்கிறது. கரையோரக் காணிக்காரர் உப்புக்காற்றைப் பற்றி அங்கே பூட்டியவர்களிடம் விசாரியுங்கள்.

அப்புறம், மோட்டரைப் பெரிதாக வாங்காதீர்கள். சுண்ணக்கல்லுக்குள் நம் நன்னீர் உவர்நீருக்கு மேல் மிதக்கிறது, அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலே வரும். மெசினில் எண்ணெய்ச் செலவே நம்மை நிறுத்தியது. சோலரில் அந்தக் கடிவாளம் இல்லை. ஆவணியில் கிணற்றில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, அந்த ஊற்றுக்கு ஏற்ற வலுவில் எடுங்கள். கடைக்காரர் ஒருபடி கூடத்தான் சொல்வார்.