118,500 ரூபாய்த் தொலைக்காட்சி 22 நாளில் இருண்டது: துண்டுச் சீட்டோடு வீடு திரும்பாதீர்கள்

இன்று செப்டெம்பர் 9. ஆத்திரம் ஆறிய பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கிளிநொச்சி நகரில் கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைகளில் ஒன்று.

ஜூன் 14ஆம் திகதி அங்கே 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை 118,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதில் 80,000 ரூபாய் கச்சான் விற்ற காசு. மிச்சம் நான் கட்டிவந்த சீட்டில் எடுத்தது. தவணைக்குப் போனால் வட்டி ஏறும் என்று முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தேன். தவணையில் எடுத்திருந்தால் ஒரு மாதம் கட்டாமல் விட்டாவது அவர்களை வீட்டு வாசலுக்கு வரவழைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

விற்ற தம்பி அவ்வளவு பணிவானவர். என்னுடன் வந்த அம்மாவுக்குக் கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்ரீ வரவழைத்து, பெட்டியைப் பிரித்துப் படத்தை ஓடவிட்டுக் காட்டி, அம்மாவின் கையில் ரிமோட்டைக் கொடுத்து எந்தப் பொத்தான் எதற்கென்று இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். உத்தரவாத அட்டையைக் கேட்டபோது, "அது கொம்பனி முத்திரை அடிச்சு வரவேணும் அக்கா, வந்ததும் நானே எடுத்து வைப்பன். மூண்டு வருசத்துக்கு ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எங்கட சனத்துக்கு நாங்கள் பிழை செய்வமோ?" என்றார். அந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் விழுந்தேன். பிறகு ஒரு சீட்டில் 'ரிவி 43 – 118,500' என்று எழுதி, தன் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துத் தந்தார். பாடசாலை வரவு இடாப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கண்டுபிடிக்கும் நான், அந்தச் சீட்டின் தலைப்பில் பற்றுச்சீட்டு என்றல்ல, 'மதிப்பீடு' என்று அச்சிட்டிருந்ததைப் பார்க்காமல் மடித்துப் பணப்பைக்குள் வைத்தேன். பெட்டியின் தொடரிலக்கம் அதில் இல்லை. கடையின் முத்திரையும் இல்லை.

ஜூலை 6ஆம் திகதி இரவு, செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது திரை இருண்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. விசுவமடுவில் எங்கள் ஒழுங்கையில் வானொலி, தொலைக்காட்சி திருத்தும் ஒருவர் வந்து, விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, டோர்ச் லைட்டைத் திரையின் மேல் சரித்துப் பிடித்தார். செய்தி வாசிப்பவரின் முகம் சாம்பல் நிறத்தில் மங்கலாக அசைந்தது. படம் இருக்கிறது, பின்னொளி தரும் எல்ஈடி வரிசைதான் போய்விட்டது, இது உற்பத்திக் குறைதான் என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால்தான் உடம்பு பதறுகிறது. முதலில் கடையில் "நாளைக்கு ஆள் வருவார்" என்றார்கள். பிறகு கொழும்பிலிருந்து பொருள் வரவேண்டும் என்றார்கள். பிறகு முதலாளி நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். பொறுக்க முடியாமல் ஓட்டோ பிடித்து, பெட்டியை மெத்தையில் சுற்றி, பரந்தன் வழியாகக் கொண்டுபோய்க் கடையில் இறக்கினேன். ஏற்றுக்கொண்டதற்கு ஒரு துண்டும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. நேற்றுப் போனபோது, மின்னல் தாக்கிப் பழுதானதால் உத்தரவாதம் செல்லாது, திருத்த 46,000 ரூபாய் ஆகும் என்று முதலாளி என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். சோளகக் காற்று புழுதியை அள்ளி வீசிய ஜூலையில், துளி மழை விழாத எங்கள் ஊரில், எந்த மின்னல்? பிளேன்ரீ வரவழைத்த தம்பி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். 118,500 ரூபாய்!

நேற்றிரவு சக ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். எழுதித் தந்த உத்தரவாதம் மட்டுமன்றி, உட்கிடையாக அமைந்த, அதாவது எழுதாவிட்டாலும் விற்பனையோடு சேர்ந்தே வருவதாகக் கொள்ளப்படும் உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருளை விற்றாலும் முறையிடலாம். விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். எனக்கு மிச்சமிருப்பது ஐந்து நாட்கள். "நாளைக்கு, அடுத்த கிழமை" என்ற இழுத்தடிப்பெல்லாம் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு நடந்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

என்னென்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன்; முறைப்பாட்டுக் கடிதத்தை இன்றிரவே முடிக்கவேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் திகதியும் விலையும் குறித்துக் கொடுக்க வணிகர் சட்டப்படி கடமைப்பட்டவர். உத்தரவாத அட்டையில் தொடரிலக்கம் எழுதி முத்திரை குத்தும்வரை காசை நீட்டாதீர்கள். பழுது வந்தால் தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டிருக்காமல் எழுதிக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திருப்பி ஒப்படைத்தால் கையொப்பம் வாங்குங்கள். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

முறைப்பாட்டைக் கொடுக்க நாளை காலை முதல் பேருந்தில் மாவட்டச் செயலகத்துக்குப் போகிறேன். பெட்டி இன்னும் அந்தக் கடையில்தான் கிடக்கிறது. என் கையில் இருப்பது மதிப்பீட்டுச் சீட்டும், அம்மா கொடுக்க மறுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்ட ரிமோட்டும்தான்.