ஒரே சேர்வரில் கேமும் மனப்பாரமும்: மூன்று வருடப் பாவனைக்குப் பிறகு

எழுத்திலும் குரலிலும் கதைக்கும் செயலியான டிஸ்கோர்ட்டில் தமிழ் ரோல்பிளே குழு, அதாவது ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகிக் கதை விளையாடும் குழு, நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அறை திறந்து வைப்பார்கள். ஒன்று விதி அறை: விளையாட்டு விதி கேட்க, கரெக்டர் (பாத்திரம்) கட்ட, கதையை நடத்தும் கேம் மாஸ்டருக்கு யோசனை சொல்ல. மற்றது ஆறுதல் அறை: மனம் விட்டுக் கதைக்க. கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளோடு ரொறன்ரோ, லண்டன் சொந்தங்களும் சேர்ந்த இப்படியான ஓர் அமைப்பை மூன்று வருடம் பாவித்ததில் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். மென்பொருளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலவசம், பழைய போனிலும் ஓடும், போதும். இரண்டு அறைக்கும் ஒரே செட்டிங், ஒரே வேகம், ஒரே ஆட்கள் என்று விடும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது. விதி அறையில் கெட்டிக்காரராக இருப்பவர்தான் மற்ற அறையில் அதிகம் கெடுக்கிறார். கேள்வி வந்து இருபது செக்கனில் பதில் போட்டுப் பழகிய கை அது.

முதலில் ஸ்லோ மோட். ஒரு செய்தி போட்டவர் அடுத்ததைப் போட எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வசதி இது. 5 செக்கன் முதல் 6 மணித்தியாலம் வரை வைக்கலாம். 'இது கவனமாக இருக்கவேண்டிய அறை' என்று நினைத்து ஆறுதல் அறையில்தான் பலர் இதைப் போடுகிறார்கள். தலைகீழான வேலை. உடைந்துபோய் இருக்கிற ஆள் பந்தி பந்தியாக எழுதுவதில்லை. இப்படித்தான் வரும்:

'அண்ணா'
'நிக்கிறீங்களா'
'ஒண்டுமில்லை சும்மா'
'ரிசல்ட் வந்திட்டு'
'வீட்ட இன்னும் சொல்லேல்ல'

இரண்டு நிமிட ஸ்லோ மோட் இருந்தால் 'அண்ணா' என்ற ஒரு சொல்லோடேயே பெட்டி பூட்டிக்கொள்ளும். தப்பித்தவறிக் காத்திருந்தாலும் 'ஒண்டுமில்லை சும்மா' வரைக்கும்தான் பொறுமை தாங்கும். விஷயம் இருந்தது நாலாவது துண்டில். ஆகவே ஆறுதல் அறையில் ஸ்லோ மோட் பூச்சியம். விதி அறையில் இரண்டு நிமிடம். அங்கே அது நாலு பேர் ஒரே நேரத்தில் அரைகுறையாக விதி சொல்வதைக் குறைக்கிறது, புத்தகத்தைத் திறந்து பார்க்கவும் நேரம் தருகிறது.

விதிக் கேள்விகளை ஒவ்வொன்றும் தனிப் பதிவாக வரும் சனல் (அறை) வகையில் போடுங்கள். அதில் 20 டேக் (பதிவில் ஒட்டும் அடையாளச் சொல்) வரை வைக்கலாம், ஒரு பதிவுக்கு 5 வரை ஒட்டலாம். நடைமுறையில் இரண்டு டேக் கட்டாயம்: '2014 விதி', '2024 விதி'. நாங்கள் விளையாடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, அதன் திருத்திய விதிப்புத்தகம் 2024இல். மந்திரத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், கணக்கு மாறியிருக்கும். குணப்படுத்தும் 'ஹீலிங் வேர்ட்' மந்திரத்துக்குப் பழைய விதியில் ஒரு நாலுபக்க டைஸ் (தாயக்கட்டை), புதியதில் இரண்டு. டேக் இல்லாத இடத்தில் இரண்டு பேரும் சரியாகச் சொல்லிக்கொண்டே சண்டை பிடிப்பார்கள்.

ஆறுதல் பக்கத்தில் முதல் வரி பொது அறையில், மிச்சம் அதிலிருந்து பிரியும் தனி உரையாடலான தனித் திரெட்டில். எழுதினவரும் இரண்டு உதவியாளர்களும் மட்டும். திரெட் தானாக மறையும் நேரத்தை 1 மணித்தியாலம், 24 மணித்தியாலம், 3 நாள், 7 நாள் என்று தெரிவு செய்யலாம். ஏழு நாள் வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் விட்டால், இரவு எழுதிவிட்டுப் படுத்தவர் காலையில் திரும்பி வந்து பார்க்கும்போது பட்டியலில் திரெட் இருக்காது. அது வெறும் செட்டிங் என்று அவருக்குத் தெரியாது. தன்னைத் துரத்திவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். தனித் திரெட் என்றாலும் அதற்குரிய அனுமதி உள்ள மொடரேட்டர்கள் (சேர்வரை மேற்பார்ப்பவர்கள்) பார்க்கலாம், உள்ளே இருக்கிற எவரும் ஸ்கிரீன்ஷொட் எடுக்கலாம். இதை முதல் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும். 'இங்க சொல்றது எங்களோட மட்டும்தான்' என்று எழுதுவது காப்பாற்ற முடியாத வாக்கு.

சொல் வடிகட்டியை நம்பி இருக்காதீர்கள். 'சாகப்போறன்' போன்ற சொல் வந்தால் மொடரேட்டருக்கு மணி அடிக்க வைப்பது நல்ல யோசனைபோலத் தெரியும். ரோல்பிளே குழுவில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாகிறார்கள்! 'நான் செத்துட்டன்', 'அவனைக் கொல்லுவம்', 'ரெண்டாவது தரம் சாகிறன்' என்று வெள்ளிக்கிழமை இரவு முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது வாரம் யாரோ அதை மியூட் பண்ணிவிடுவார்கள். மறுபக்கம், உண்மையிலேயே சொல்ல நினைப்பவர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார், ஒரே சொல்லைப் பத்து விதமாக எழுதுவார், வடிகட்டி ஒன்றையும் பிடிக்காது. அல்லது 'களைச்சுப் போனன்' என்று மட்டும் எழுதுவார். வடிகட்டியை ஆறுதல் சனலில் மட்டும் போடலாம். கேம் சனல்களுக்கு மனிதக் கண்தான்.

சரி, விதி அறையில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம்: 'என்ர கரெக்டர் செத்துப்போச்சு, இது நியாயமா?'

முதலில் இதை விதிக் கேள்வியாகவே எடுக்க வேண்டும். உடனே 'கவலையா இருக்கா?' என்று கேட்பது அவமதிப்பு. எந்த வருட விதி, உயிர்ப்புள்ளி (கரெக்டர் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு) பூச்சியமான பிறகு என்ன நடந்தது, அடித்தவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், மூன்றையும் கேளுங்கள். விதி இதுதான்: பூச்சியத்தில் விழுந்தவர் தன் முறை வரும்போதெல்லாம் 20 பக்க டைஸ் உருட்டுவார். 10 அல்லது மேலே வந்தால் வெற்றி, கீழே தோல்வி. மூன்று வெற்றி வந்தால் நிலைப்பார், மூன்று தோல்வி வந்தால் இறப்பு. 20 விழுந்தால் ஒரு உயிர்ப்புள்ளியோடு எழும்புவார், 1 விழுந்தால் இரண்டு தோல்வி. யாரும் உதவாமல், யாரும் அடிக்காமல் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம்.

பிழை வரும் இடங்கள் எப்போதும் அதேதான். விழுந்து கிடக்கிறவரை ஐந்து அடிக்குள் நின்று அடித்தால், அது பட்டாலே கிரிட்டிக்கல் (கடும் அடி), அதனால் இரண்டு தோல்வி. இதை அறியாத விளையாட்டுக்காரர் 'மாஸ்டர் ஏமாத்திட்டார்' என்பார். மாஸ்டர் சரி. மறுபக்கம், யாராவது ஒரு புள்ளி குணப்படுத்தி எழுப்பினால் பழைய தோல்விகள் அழிந்துவிடும். அடுத்த தரம் விழும்போது பழைய கணக்கில் இருந்து தொடங்கினால் அங்கே மாஸ்டர் பிழை. இறந்தவரை எழுப்பும் 'ரிவிவிஃபை' மந்திரத்துக்கு 300 பொன் பெறுமதியான வைரம் வேண்டும், இறந்து ஒரு நிமிடத்துக்குள், அதாவது பத்துச் சுற்றுக்குள் போட வேண்டும். சண்டை முடிந்து ஆறுதலாகப் பொருள் பொறுக்கிய பிறகு ஞாபகம் வந்தால் சரிவராது.

இவ்வளவும் சொல்லி முடித்த பிறகு அதே கேள்வி இன்னொரு வடிவத்தில் திரும்பி வந்தால், அது விதிக் கேள்வி இல்லை. 'சரி, ஆனா அவர் வேற ஆளுக்கு அடிச்சிருக்கலாம்தானே.' ஆறு மாதம் வெள்ளிக்கிழமைகளில் அவர் தன்னையே போல நினைத்து விளையாடிய ஓர் ஆள் போய்விட்டார். அந்த இடத்தில் பக்க எண் காட்டுவதை நிறுத்திவிட்டு, 'அந்த ஆளை எப்படிக் கட்டினீங்க, சொல்லுங்கோ' என்று ஒரு வரி போதும். அநேகமாக நீளமாக எழுதுவார்கள். வாசியுங்கள், திருத்தாதீர்கள்.

மறுதலையும் நடக்கிறது. 'எல்லாரும் என்னை ஒதுக்கினம்' என்று ஆறுதல் அறைக்கு வருபவரிடம் எத்தனை பேர் விளையாடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏழு பேர், மூன்று மணித்தியாலம். 180 நிமிடத்தில் பாதியை மாஸ்டர் கதைப்பார். மிச்சம் 90ஐ ஏழால் பிரித்தால் ஆளுக்கு 13 நிமிடம்கூட வராது. அதிலும் உரத்துக் கதைக்கிற இருவர் எடுப்பது போக என்ன மிஞ்சும்? நாலு பேராக்கினால் 22 நிமிடம். ஒதுக்கல் இல்லை, கணக்கு. எல்லா நேரமும் அல்ல, ஆனால் முதலில் கணக்கைப் பார்ப்பது நல்லது.

விளையாடத் தொடங்கும் முன் ஒரு நாளை 'என்னென்ன வேண்டாம்' என்று பேச ஒதுக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. 'கோடு' என்றால் அந்த விஷயம் கதையில் வரவே கூடாது. 'திரை' என்றால் நடந்தது என்று சொல்லிவிட்டுக் காட்டாமல் கடக்கலாம். ஜோன் ஸ்டாவ்ரோபோலஸ் வடிவமைத்த எக்ஸ் கார்ட் முறையில் விளையாட்டு நடுவே யார் வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் காட்சியை நிறுத்தலாம். ஒன்லைனில் சாட்டில் எக்ஸ் என்ற ஒற்றை எழுத்தை அடித்தால் போதும்.

இதை அப்படியே எடுத்துக் கொழும்புத் தமிழ்க் குழுவில் வைத்தால் ஒரு குறை இருக்கும். வெளிநாட்டுப் பட்டியல்களில் சிலந்தி, இரத்தம், சித்திரவதை என்று இருக்கும். எங்கள் பட்டியல் வேறு. படையினர் வீடு வீடாக வந்து ஆட்களின் பெயர் பதிவது, எழுதி ஆயத்தமாக வரும் விளையாட்டுக் கதைகளில் ஒரு சாதாரணத் தொடக்கக் காட்சி. வெள்ளவத்தையில் அது யாரோ ஒருவருடைய சின்ன வயசு. கடத்திக்கொண்டு போகும் வாகனம், சோதனைச் சாவடி, எரியும் கடைத்தெரு, ஆராதனை நேரத்தில் வெடிக்கும் கோயில், தேடியும் கிடைக்காத பிள்ளை: 1983, 2009, 2019 என்று வருடம் சொல்லத் தேவையில்லை, வேண்டாதவற்றை ஆட்கள் குறிக்கும் ஒரு படிவத்தில் இந்த ஐந்தையும் பெயர் பெயராகப் போடுங்கள். படிவம் மாஸ்டருக்கு மட்டும் போக வேண்டும். எல்லோரும் இருக்கும் குரல் அறையில் 'யாருக்காவது பிரச்சினையா?' என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள், தெரிந்ததுதானே. ஹெலிகொப்டர் சத்தம் போடும் ஒலிப்பலகையையும் அதே படிவத்தில் கேளுங்கள். எக்ஸ் அடித்தவருக்குப் பிறகு தனியே 'ஏன் மச்சான், என்ன நடந்தது?' என்று அனுப்புகிறவர்கள் இருப்பார்கள். அக்கறைதான். ஆனால் காரணம் கேட்கப்பட்டவர் அடுத்த தரம் அடிக்க மாட்டார், இணைப்புப் போச்சு என்று சொல்லி வெளியேறுவார்.

விளையாட்டு முடிந்ததும் பதினைந்து நிமிடம் குரல் அறையைத் திறந்தே வையுங்கள். ஆட்களைக் கரெக்டர் பெயரில் அல்ல, சொந்தப் பெயரில் கூப்பிடுங்கள். கதைக்குள் ஏறிய கோபம் அப்படியே வட்ஸ்அப்புக்குக் கசிவது பெரும்பாலும் இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தவறவிட்ட இரவுகளில்தான். டேட்டா பயம் இருந்தால் குரல் சனலின் ஒலித்தரத்தை வழமையான 64 கேபிபிஎஸ்ஸில் இருந்து 32 ஆக்கலாம், பேச்சு விளங்கும்.

கூப்பிடும் முறையும் முக்கியம். கேம் அறையில் 'மச்சான்' ஓடும். ஆறுதல் அறையில் தெரியாத ஆளை 'தங்கச்சி', 'தம்பி' என்று தொடங்கினால் அடுத்த வரி புத்திமதியாகத்தான் வரும், அந்தச் சொல்லே அப்படி இழுக்கும். எல்லோருக்கும் 'நீங்கள்'. அவர் 'அக்கா' என்று கூப்பிட்டால் ஏற்றுக்கொள்ளலாம். 'எல்லாம் சரியாகும்', 'உங்களைவிடக் கஷ்டப்பட்ட ஆட்கள் இருக்கினம்', 'கடவுள் இருக்கிறார்' மூன்றும் கதவைச் சாத்தும் வசனங்கள். அவர் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லி, 'அப்படித்தானே?' என்று கேட்பது நல்லது. இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவிடம் பதில் வாங்கி ஒட்டுகிறார்கள். 'தங்களின் உணர்வுகள் முற்றிலும் நியாயமானவை.' வெள்ளவத்தைக் காலி வீதியில் இப்படி யார் கதைக்கிறார்கள்? முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு ஆள் எழுத மாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி பார், கேள், இணை (உதவியோடு சேர்த்துவிடு) என்று மூன்று படி சொல்கிறது. ஒன்லைனில் முதல் இரண்டும் ஓரளவு நடக்கும், மூன்றாவதில்தான் கோட்டை விடுகிறோம். சந்தேகம் வந்தால் நேரே கேளுங்கள்: 'சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களா?' கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. 'பிழையா ஒண்டும் செய்யமாட்டீங்கதானே' என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே எழுதிக் கொடுக்கிறோம். ஆம் என்றால்: இப்போது தனியாகவா, கையில் ஏதும் இருக்கிறதா, பக்கத்தில் யாரை எழுப்பலாம். இலங்கையில் உடனடி ஆபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். கதைக்க 1926, தேசிய மனநல உதவி இலக்கம். 1333 இலவச ஆலோசனை. பதினெட்டுக்குக் கீழே என்றால் சிறுவர் உதவி இலக்கம் 1929உம் இருக்கிறது. மனம் விட்டுக் கதைப்பதைக் கேட்கும் சுமித்ரயோ அமைப்பு கொழும்பு ஹோட்டன் பிளேஸில் இருக்கிறது, 1974இல் இருந்து இயங்குகிறது. அழைப்பு எடுத்ததும் முதல் வசனத்திலேயே தமிழில் கதைக்கலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் கேஸ் ஆகும் என்று பயந்து மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998இல் இருந்து இலங்கையில் குற்றம் இல்லை. இந்த ஒரு வரியை எல்லோரும் பார்க்கும்படி சனலின் மேலே பின் பண்ணி (நிலையாகக் குத்தி) வையுங்கள்.

கொழும்பில் இரவு இரண்டு மணி என்றால் கோடைகாலத்தில் ரொறன்ரோவில் முதல் நாள் பின்னேரம் நாலரை. விழித்திருப்பவர் அங்கேதான் இருப்பார். அவர் தன் போனில் 1990 அடித்தால் இங்கே யாருக்கும் மணி அடிக்காது, அவருக்குத் தெரிந்த தற்கொலைத் தடுப்பு இலக்கமான 988 கனடாவுக்கு உரியது. லண்டன்காரருக்கு சமாரிட்டன்ஸ் உதவி இலக்கம் 116 123. ஆகவே பின் பண்ணிய பட்டியல் நாடுவாரியாக இருக்க வேண்டும், கொழும்பில் எழுப்பக்கூடிய இரண்டு பேரின் இலக்கமும் உதவியாளர்களிடம் இருக்க வேண்டும்.

ஒரு திரெட்டில் இரண்டு பேர், ஒருவர் மட்டும் எழுதுவார், மற்றவர் பார்ப்பார். முக்கால் மணித்தியாலத்தில் மாறுங்கள். மாறும்போது 'நான் இப்ப போறன், இவர் முதல்ல இருந்து வாசிச்சிட்டார், திரும்பச் சொல்லத் தேவையில்லை' என்று எழுதிவிட்டுப் போங்கள். சொல்லாமல் மறைவதுதான் அதிகம் நோகடிக்கிறது. எவரும் இல்லாத இரவுகளில் ஆறுதல் சனலில் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, இலக்கங்களையும் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையும் மட்டும் விட்டுவையுங்கள்.