குழம்பா, வறுவலா என்று கேட்கும் கறிக்கடை

சென்னை அயனாவரத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆட்டுக்கறிக் கடையில் பதினோரு ஆண்டுகளாகக் கறி வாங்கி வருகிறேன். பத்தடி அகலம்கூட இல்லாத கடை. முன்னால் கண்ணாடித் தடுப்பு, அதன் பின்னே கொக்கியில் தொங்கும் ஆடுகள், நடுவில் புளியமரக் கட்டை, ஓரத்தில் தராசு, சுவரில் அன்றைய விலை எழுதிய கரும்பலகை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் பல காலம் ஆகிவிட்டதால் ‘பாய் கடை’ என்றால்தான் யாருக்கும் தெரியும். புதிதாகக் குடிவருகிறவர்கள் கறி எங்கே வாங்கலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

போய் நின்றதும் எத்தனை கிலோ என்று பாய் கேட்பதில்லை, “குழம்பாம்மா, வறுவலாம்மா?” என்பதுதான் முதல் கேள்வி. குழம்பு என்றால் நெஞ்செலும்பும் கழுத்தும் முன்னந்தொடையும் கலந்து, எலும்பின் சாறு இறங்கும்படி சற்றுப் பெரிய துண்டுகளாகப் போடுவார். வறுவல் என்றால் பின்னந்தொடையில் சிறு துண்டுகள். பிரியாணி என்று சொன்னால் எத்தனை படி அரிசி என்று இன்னொரு கேள்வி வரும். கோலா உருண்டைக்குக் கேட்டால் தொடைக்கறியிலிருந்து ஜவ்வை முழுவதும் உரித்தெடுத்த பிறகே கட்டையில் வைத்துக் கொத்துவார். இயந்திரத்தில் அரைத்த கறி கூழாகக் குழைந்துவிடுகிறது. கத்தியால் கொத்திய கறியில் செய்த உருண்டையைப் பிட்டால் உள்ளே நார் தெரியும்.

அவர் எலும்பு வெட்டுவதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். சிறிய கத்தியின் முனையால் மூட்டைத் தேடி, அங்கே தசைநாரை அறுத்துப் பிரித்துக்கொள்வார். பிறகு நல்லி எலும்பைக் கட்டையில் கிடத்தி வெட்டுக்கத்தியை ஒரே முறை இறக்குவார். ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை கொத்தினால் எலும்பு சில்லுசில்லாக உடைந்து கறியோடு கலந்துவிடும், அதைக் கழுவினாலும் முழுவதும் போக்க முடியாது. எண்பது வயதைத் தாண்டிய என் மாமியாரும் சிறு பேரனும் ஒரே குழம்பைச் சாப்பிடும் வீட்டில் இது பெரிய விஷயம். இத்தனை ஆண்டுகளில் இரண்டே முறை சில்லு வந்திருக்கிறது; இரண்டும் தீபாவளி நெரிசலில், உதவிக்கு வந்த பையன் வெட்டித் தந்த கறியில் வந்தவை.

கறி வாங்குகிறவர்களுக்கு இருக்கும் நிரந்தரச் சந்தேகம், தொங்குவது வெள்ளாடா செம்மறியா என்பது. தோலுரித்த பின் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய எல்லோராலும் முடியாது என்பதால், வாலை மட்டும் உரிக்காமல் விடுவது இந்தத் தொழிலில் வழக்கம். வெள்ளாட்டின் வால் குட்டையாக நிமிர்ந்திருக்கும், செம்மறியின் வால் கீழ்நோக்கித் தொங்கும். பாய் இரண்டையும் விற்கிறார். இரண்டையும் வாலோடு தனித்தனிக் கொக்கியில் தொங்கவிட்டு, விலையையும் தனித்தனியே எழுதுகிறார். ஒரு செவ்வாய்க்கிழமை நான் பிரியாணிக்குக் கேட்டபோது, “இன்னைக்கு வந்தது முத்தல்மா, பிரியாணிக்கு வேணாம், குழம்புன்னா எடுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார். ஒரு கிலோ வியாபாரத்தை வேண்டாமென்று விட்ட அந்த நாளுக்குப் பிறகு, நடுவில் சில மாதங்கள் தவிர, நான் வேறு கடை தேடியதில்லை.

இப்படி ஒரு கடையை நடத்துவது எவ்வளவு சிரமம் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பொழுது விடியுமுன் ஆடு வெட்டும் இடமான புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்குப் போகிறார். கால்நடை மருத்துவர் பார்த்து மாநகராட்சி முத்திரை வைத்த பிறகுதான் ஆடு கடைக்கு வருகிறது. சாதாரண நாளில் இரண்டு, ஞாயிறென்றால் எட்டு. உயிரோடு இருபது கிலோ நிற்கும் ஆட்டில் ஒன்பது, மிஞ்சினால் பத்துக் கிலோ கறிதான் தேறும். அதிலும் வருகிறவர்கள் எல்லோரும் தொடைக்கறியே கேட்டால், எட்டு மணிக்குள் தொடை தீர்ந்து, கழுத்தும் விலாவும் மாலைவரை கொக்கியில் தொங்கும். ஆகவே முழு ஆட்டையும் விற்றாக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு: தலை, கால், குடல், ஈரல், நுரையீரல் அத்தனைக்கும் ஆள் வர வேண்டும். முன்பெல்லாம் பெரியமேட்டுத் தோல் வியாபாரிகளுக்குப் போகும் தோலிலேயே கணிசமான வரவு இருந்ததாம். இப்போது அதில் ஒன்றும் நிற்பதில்லை என்கிறார். தனிக்கறி மட்டுமே கேட்டு வாங்கும் நம்மைப் போன்றவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கலந்து போடும் குழம்புக்கறியில் ருசியும் அதிகம். எலும்போடு வாங்கும்போது தனிக்கறியைவிடச் செலவும் குறைவு.

சுவரொட்டி எனப்படும் ஆட்டின் மண்ணீரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆட்டுக்கு ஒரே சுவரொட்டிதான். ரத்தசோகை என்றதும் அதை வதக்கிக் கொடுக்கச் சொல்வது நம் வீடுகளில் பழக்கம் என்பதால், இருக்கும் இரண்டுக்குப் பத்துப் பேர் கேட்பார்கள். பாய் கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், வயதுக்கு வந்த பெண்கள் இருக்கும் வீடுகளை அதில் முதலில் எழுதி, முறை வைத்துக் கொடுக்கிறார். என் மகள் பிரசவித்து வீட்டில் இருந்தபோது வாரம் இருமுறை தாமரை இலையில் கட்டி எடுத்து வைத்திருந்தார். கூடுதலாகக் காசு வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. கடையில் குளிர்பதனப் பெட்டி இல்லை. காலையில் வெட்டிய ஆடு மதியத்துக்குள் தீர்ந்துவிடுவதால் மற்ற நாட்களில் கவலையில்லை, ஆனால் சித்திரை வெயிலில் பதினோரு மணிக்கு மேல் நான் அங்கே வாங்குவதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே சுத்தமாக இருக்கிறது, கட்டையை மதியம் உப்புப் போட்டுச் சுரண்டிக் கழுவுகிறார்கள். கடைக்கு வெளியே தேங்கும் தண்ணீரில் ஈ மொய்ப்பதைப் பலமுறை சொல்லியும் சரிசெய்யவில்லை. 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட கறுப்பு பிளாஸ்டிக் பை இன்னும் மேசைக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறு காலை முக்கால் மணி நேரமாவது நிற்க வேண்டும், வயதானவர்கள் உட்கார ஒரு முக்காலிகூட இல்லை.

இந்தக் காத்திருப்புக்குச் சலித்துப்போய்ச் சில மாதங்கள் கைப்பேசிச் செயலி ஒன்றில் கறி வரவழைத்தேன். அரைக்கிலோப் பொட்டலத்தைப் பிரித்து நீரை வடித்து எடை போட்டால் 430 கிராம் இருந்தது. எல்லாத் துண்டும் ஒரே அளவு. எதற்கு என்று யாரும் கேட்காத கறி குழம்பில் சக்கையாகக் கிடந்தது. மறு வாரமே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

வாங்க நினைப்பவர்கள் வார நாட்களில் ஏழு மணிக்கும், ஞாயிறன்று ஆறு மணிக்கு முன்பும் போவது நல்லது. பாத்திரத்தைக் கையோடு கொண்டு போங்கள். திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கறிக்கடைகளுக்கு விடுமுறை. பாய் ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிவிடுவார். புரட்டாசியில் ஓர் ஆடுதான் வெட்டுகிறார், ஆனால் அந்த மாதத்தில் கூட்டமே இல்லாததால் கேட்ட பாகம் கேட்டபடி கிடைக்கும். தலைக்கறியும் காலும் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். மயிர் பொசுக்கிச் சுத்தம் செய்து வைத்திருப்பார்.